பெரியப்பா கடைக் கணினிக்கு ஃப்ளாஷ் வைத்தியம்

திருநெல்வேலி கொக்கிரகுளத்தில், கலெக்டர் ஆபீஸுக்கு நடந்து போகிற தூரத்தில், பெரியப்பாவுக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. மனு டைப் அடித்துக் கொடுப்பார், ஜெராக்ஸ் எடுப்பார், ஃபார்ம் நிரப்பித் தருவார். வாரத்தில் மற்ற நாட்களை விடுங்கள், திங்கட்கிழமைதான் கடைக்கு உயிர். அன்றைக்கு மக்கள் குறைதீர் நாள். நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை, மானூர்ப் பக்கமிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து காலை எட்டு மணிக்கே கடை வாசலில் நிற்பார்கள். முதியோர் உதவித்தொகை நின்றுபோனவர்கள், பட்டாவில் பெயர் மாறாதவர்கள், வண்டிப்பாதையை அடைத்துவிட்டார்கள் என்று வருகிறவர்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு சங்கரன்கோவில், செங்கோட்டைக்காரர்கள் வருவது நின்றுபோனது. அப்படியும் கூட்டம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் கணினி கிளம்ப எடுத்துக்கொண்ட நேரம் 6 நிமிடம் 40 வினாடி. பவர் பொத்தானை அமுக்கியதிலிருந்து வேர்டில் கர்சர் துடிக்கும் வரை, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து நானே அளந்தேன். அதற்கப்புறமும் நிம்மதி கிடையாது. ஆதாரை ஸ்கேன் செய்துவிட்டு வேர்டுக்குத் திரும்பினால் அரை நிமிடம் திரை அப்படியே உறைந்து நிற்கும். "அண்ணாச்சி, உள்ள போக நேரமாயிருமே" என்று ஒரு அம்மா கையில் மஞ்சப் பையைப் பிடித்துக்கொண்டு கேட்டதைப் பார்த்த அன்றைக்குத்தான், இதைச் சரிசெய்யாமல் விடக்கூடாது என்று தோன்றியது.

புதுசு வாங்கலாமே என்று கேட்பீர்கள். பெரியப்பா தட்டச்சுப் பள்ளியில் பழகிய பழைய டைப்ரைட்டர் விசைப்பலகை முறையில்தான் தமிழ் அடிப்பார். பதினைந்து வருட மனுக்களும் வானவில் எழுத்துருவில் கிடக்கின்றன. அவருடைய லேசர் பிரிண்டர் இன்னமும் பாரலல் போர்ட்டில்தான் வேலை செய்கிறது. இப்போது வருகிற கணினிகளில் அந்த போர்ட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். "இந்த வருஷம் வேண்டாம்டே, இதையே எப்படியாச்சும் ஓட வையி" என்றார். சரி என்றேன்.

கணினி 2010-இல் அசெம்பிள் செய்தது. பென்டியம் டூயல் கோர் பிராசஸர், ஜி31 மதர்போர்டு, 2 ஜிபி டிடிஆர்2 ரேம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க், 32 பிட் விண்டோஸ் 7. 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்துவிட்டதால் இதற்கு இணைய இணைப்பு கொடுக்கவில்லை. ஆன்லைன் வேலை எல்லாம் அவருடைய மகளின் போனில் நடக்கிறது. இது டைப் அடிக்கவும், ஸ்கேன் செய்யவும், பிரிண்ட் எடுக்கவும் மட்டும்தான்.

முதல் சனிக்கிழமை மதியம் கேபினெட்டைக் கழற்றினேன். உள்ளே பஞ்சு மெத்தை மாதிரி தூசி, ஓரத்தில் இரண்டு பல்லி முட்டை ஓடு. அடித் தகட்டில் வண்டல் கறை. 2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழையில் தாமிரபரணி பொங்கி, மறுநாள் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் நின்றது. அப்போது பெரியப்பா இந்தப் பெட்டியை மாடிக்குத் தூக்குவதற்குள் அடிப்பாகம் கொஞ்சம் நனைந்துவிட்டது. நல்லவேளை, போர்டு வரைக்கும் ஏறவில்லை. பெயிண்ட் பிரஷ்ஷாலும் ஊதுகுழலாலும் தூசியை எடுத்தேன். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும். இல்லாவிட்டால் அது தறிகெட்டுச் சுற்றி பேரிங் போய்விடும்.

ரேம் கூட்டுவதுதான் முதல் யோசனை. போர்டில் இரண்டே ஸ்லாட். இரண்டாவதில் எந்த ரேமைப் போட்டாலும் பீப் சத்தம்தான் வருகிறது. ரப்பர் வைத்துத் தேய்த்தும் பார்த்தாயிற்று. ஒரு ஸ்லாட்டில் 2 ஜிபிக்கு மேல் இந்த போர்டு ஏற்காது. ஆக, ரேம் கதை அங்கேயே முடிந்தது.

அப்போதுதான் ரெடிபூஸ்ட் ஞாபகம் வந்தது. 2007-இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த வசதி அது. பென் டிரைவைச் செருகி, அதன் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் ரெடிபூஸ்ட் என்ற பக்கத்துக்குப் போய், இந்த டிரைவை வேகத்துக்குப் பயன்படுத்து என்று சொன்னால் போதும். பலர் நினைப்பது போல அது ரேமாக மாறிவிடாது. ஹார்ட் டிஸ்கில் இருக்கிற, அடிக்கடி தேவைப்படுகிற துண்டுகளின் நகல் ஒன்று பென் டிரைவிலும் இருக்கும். டிஸ்கில் தேடிக்கொண்டிருப்பதற்குப் பதில் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

இதில் எங்கே லாபம் என்று பெரியப்பாவுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். ஹார்ட் டிஸ்கில் ஒரு தட்டு சுற்றுகிறது, அதன் மேல் ஒரு தலை நகர்கிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. வேண்டிய இடம் தலைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி வினாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். தலை நகர்வதற்கு இன்னொரு 9 மில்லி வினாடி வைத்துக்கொள்ளுங்கள். ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கிற சின்னத் துண்டுகளை ஒரு வினாடிக்கு எழுபது எண்பதுதான் எடுக்க முடியும். பென் டிரைவுக்குள் இருப்பது ஃப்ளாஷ் நினைவகம். அதில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. சுமாரான பென் டிரைவ்கூட ஒரு மில்லி வினாடியை ஒட்டிப் பதில் சொல்லும். ஆனால் ஒரு பெரிய ஃபைலை வரிசையாகப் படிக்கும்போது கதை தலைகீழ். அங்கே டிஸ்க் வினாடிக்கு 60, 70 எம்பி கொடுக்கும். யூஎஸ்பி 2.0 வழியாக 30 வந்தாலே பெரிது. விண்டோஸுக்கு இது தெரியும். பெரிய வரிசை வாசிப்பை டிஸ்குக்கே விட்டுவிட்டு, சில்லறை வாசிப்பை மட்டும் பென் டிரைவுக்குத் தள்ளும்.

"நான் ஃபார்மை எல்லாம் மேசை டிராயர்ல வச்சிருக்கேன்லா, பீரோவைத் தொறக்காம, அது மாரி" என்றார் பெரியப்பா. அதேதான்.

முதலில் கடையில் கிடந்த ஒரு பென் டிரைவைச் செருகினேன். போன வருடம் தெருவோரம் வாங்கியதாம், மேலே 64 ஜிபி என்று போட்டிருந்தது. தேவையான வேகம் இதற்கு இல்லை என்று விண்டோஸ் திருப்பிவிட்டது. ரெடிபூஸ்ட் ஏற்றுக்கொள்ள ஒரு அளவுகோல் உண்டு. 4 கேபி துண்டுகளை அங்கங்கே படிப்பதில் வினாடிக்கு 2.5 எம்பியும், 512 கேபி துண்டுகளை எழுதுவதில் 1.75 எம்பியும் வர வேண்டும். கேட்க அற்பமாக இருக்கும். மலிவான டிரைவ்கள் இதிலேயே தோற்கும். எனக்கு வேறு சந்தேகமும் வந்தது. டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கிற சோதனை மென்பொருளை ஓட்டினேன். 8 ஜிபிக்கு மேல் எழுதியது எதுவும் திரும்ப வரவில்லை. உள்ளே இருப்பது 8 ஜிபி, வெளியே எழுதியிருப்பது 64. இந்த மாதிரி டிரைவில் யாராவது கல்யாண போட்டோவை வைத்திருந்தால் நினைத்துப் பாருங்கள். புதுப் பென் டிரைவ் வாங்கினால் அன்றைக்கே இந்தச் சோதனையை ஓட்டிவிடுங்கள். ஒரு மணி நேரம் போனால் போகட்டும்.

அடுத்து என்னுடைய 16 ஜிபி டிரைவ். இது தேறியது. பின்னால் இருக்கிற யூஎஸ்பி துளையில்தான் செருகினேன். முன்னால் இருப்பது ஒரு மெல்லிய ஒயர் வழியாக போர்டுக்குப் போகிறது, லேசாக ஆடினாலே இணைப்பு விட்டுவிட்டு வரும். டிரைவ் எஃப்ஏடி32 வடிவத்தில் இருந்ததால் ஒதுக்கும் அளவு 4 ஜிபியை ஒட்டி நின்றுவிட்டது. அந்த வடிவத்தில் ஒரு ஃபைல் அதற்கு மேல் வளராது. 2 ஜிபி ரேமுக்கு இது போதும். ரேமைப் போல ஒன்றிலிருந்து மூன்று மடங்கு வரை ஒதுக்கினால் சரியாக இருக்கும்.

செருகியதும் வேகம் பறக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முதலில் அந்த நகல் சேர வேண்டும். விண்டோஸின் பெர்ஃபாமன்ஸ் மானிட்டரில் ரெடிபூஸ்டுக்குத் தனியாக அளவுகள் உண்டு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு, வேர்டு, ஸ்கேன் மென்பொருள், வானவில் என்று பெரியப்பா வழக்கமாகச் செய்கிற வரிசையிலேயே நாலைந்து முறை திறந்து மூடினேன். எண்கள் பைய ஏறின. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளந்தேன். வேர்டு திறக்க முன்பு 48 வினாடி, இப்போது 29. ஸ்கேனிலிருந்து வேர்டுக்குத் திரும்பும்போது இருந்த அந்த அரை நிமிட உறைவு பத்து வினாடிக்குள் வந்துவிட்டது. செலவு ஒரு பைசா இல்லை. மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது.

ஆனால் கணினியை அணைத்துப் போட்டால் மறுபடியும் 6 நிமிடம் 35 வினாடி. ஏன் என்று யோசித்ததில் விஷயம் புரிந்தது. பென் டிரைவில் எழுதுகிற எல்லாவற்றையும் ரெடிபூஸ்ட் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையில் பூட்டித்தான் எழுதும். யாராவது டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பூட்டுக்கான சாவி ஒவ்வொரு முறை கணினி கிளம்பும்போதும் புதிதாகப் பிறக்கிறது. நேற்றைய நகல் இன்றைக்குத் திறக்காது. முதலிலிருந்து சேர்க்க வேண்டும். இரவில் அணைத்து காலையில் போடுகிற கடைக் கணினியில், கூட்டம் நெரிக்கிற அந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் ரெடிபூஸ்ட் கை காலியாக நிற்கும்.

அந்தத் திங்கட்கிழமை ஒருவாறு ஓடியது. "வேர்டு பரவாயில்லடே. ஆனா வண்டி நேத்தைக்கும் இன்னைக்கும் ஒரே மாரிதான் கெளம்புது" என்றார் பெரியப்பா. புதன்கிழமை மதியம் போன் வந்தது. "உள்ள கடக் கடக்னு சத்தம் வருது, மனுவைச் சேவ் பண்ணப் போனா நின்னு போவுது."

எனக்குத் திக்கென்றது. அந்தச் சத்தம் என்னவென்று இந்த வேலையில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்குத் தெரியும். அணைத்து வையுங்கள், நான் வரும்வரை போடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு அன்று மாலையே போனேன். நிலைமையைப் பார்க்க ஒரே ஒரு தடவை போட்டு, டிஸ்கின் உடல்நிலையைக் காட்டுகிற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளை ஓட்டினேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. சி5 என்ற வரியில் 70 என்று இருந்தது. படிக்க முடியாமல் தடுமாறி, இன்னும் முடிவு செய்யப்படாமல் கிடக்கிற செக்டார்களின், அதாவது டிஸ்கின் சின்னச் சின்னக் கட்டங்களின் எண்ணிக்கை அது. அந்த மென்பொருள் எண்களைப் பதினாறு அடிமானத்தில் காட்டும், ஆகவே 70 என்றால் உண்மையில் 112.

கணினி மெதுவாக இருந்ததற்கு வயதும் 2 ஜிபி ரேமும் மட்டும் காரணமில்லை. டிஸ்க் கெட்டுக்கொண்டிருந்தது. ஒரு செக்டாரைப் படிக்க முடியாவிட்டால் டிஸ்க் உடனே கைவிரிக்காது. திரும்பத் திரும்ப முயலும், சில சமயம் பல வினாடிகள். அந்த நேரத்தில் மேலே இருக்கிற விண்டோஸ் மூச்சுப் பேச்சில்லாமல் நிற்கும். பார்க்கிறவர்களுக்கு அது "ஸ்லோவா இருக்கு" என்பதாகத் தெரியும். முதல் சனிக்கிழமையே, பெட்டியைத் திறந்த கையோடு இந்த மென்பொருளை இரண்டு நிமிடம் ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும். நானோ ரெடிபூஸ்ட் நகல் சேரட்டும் என்று, கெட்டுக்கொண்டிருக்கிற டிஸ்கை ஒரு மணி நேரம் கூடுதலாகத் தேய்த்திருக்கிறேன். ரெடிபூஸ்ட் நகல்தான் வைத்துக்கொள்கிறது. மூலம் டிஸ்கில் இருக்கிறது, எழுதுவதும் அங்கேதான் போகிறது. மூலம் அழிந்தால் அதை மீட்டுக் கொடுக்கும் வேலையை ரெடிபூஸ்ட் செய்யாது. யாராவது கணினி மெதுவாக இருக்கிறது என்றால் நான் இப்போது முதலில் பார்ப்பது சி5 வரியையும், கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்களைக் காட்டுகிற 05 வரியையும்தான்.

வியாழக்கிழமை ஜங்ஷனில், ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடுகிற 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன், சாட்டா இணைப்பு வகை. இதுவும் ஃப்ளாஷ்தான். 1980-களில் ஜப்பானில், தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்த அதே நினைவகம்தான் பென் டிரைவிலும் இருக்கிறது, இதிலும் இருக்கிறது. ஒரு தொகுதியை மொத்தமாக ஒரே வீச்சில் அழிப்பது கேமரா ஃப்ளாஷை நினைவுபடுத்தியதால் அந்தப் பெயர் வந்தது. வித்தியாசம் கன்ட்ரோலர் சிப்பில் இருக்கிறது. எஸ்எஸ்டியின் கன்ட்ரோலர் பல சிப்புகளில் ஒரே சமயத்தில் வேலையைப் பிரித்துக் கொடுக்கும், எந்த இடமும் அதிகமாகத் தேயாமல் எழுதுகிற வேலையைப் பரப்பிவிடும். பென் டிரைவின் கன்ட்ரோலர் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. சின்னச் சின்னதாக நிறைய எழுதச் சொன்னால் திணறும். விண்டோஸையே பென் டிரைவில் வைத்து ஓட்டலாமே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

டிஸ்கை போர்டோடு இணைக்கிற சாட்டா, இந்த ஜி31 போர்டில் வினாடிக்கு 3 கிகாபிட் வகை. புது எஸ்எஸ்டியின் அட்டையில் 500 எம்பி என்று எழுதியிருந்தாலும் இங்கே 270 எம்பியைத் தாண்டாது. அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பெரியப்பாவுக்குத் தேவை சில்லறை வாசிப்பு. அதில் 13 மில்லி வினாடி என்பது 0.1-க்கு இறங்கப் போகிறது.

சனிக்கிழமை மாலை கடையை அடைத்த பிறகு வேலையைத் தொடங்கினேன். புதிதாக விண்டோஸ் போடலாம்தான். ஆனால் வானவில், பிரிண்டர் டிரைவர், ஸ்கேனர் என்று எல்லாவற்றையும் மறுபடி அமைத்து, திங்கட்கிழமை காலையில் ஏதாவது ஒன்று முறுக்கிக்கொண்டால் பெரியப்பா என்ன செய்வார்? டிஸ்கை அப்படியே நகலெடுப்பது என்று முடிவு செய்தேன். சாதாரண நகல் மென்பொருள்கள் கெட்ட செக்டாரில் முட்டியதும் நின்றுவிடும், அல்லது அங்கேயே அரைத்துக்கொண்டிருக்கும். இதற்கென்றே இருப்பது ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ. முதல் சுற்றில் நல்ல பகுதிகளை எல்லாம் வேகமாக எடுத்துவிடும், தகராறு செய்கிற இடங்களைத் தாண்டிப் போய்க் குறித்து வைத்துக்கொள்ளும், கடைசியில் திரும்பி வந்து அவற்றோடு மல்லுக்கு நிற்கும். சாகக் கிடக்கிற டிஸ்குக்கு இந்த ஒழுங்குதான் முக்கியம், ஏனென்றால் எந்த நிமிடம் அது மொத்தமாக நிற்கும் என்று சொல்ல முடியாது.

ரெடிபூஸ்டுக்கு வைத்த அந்த 16 ஜிபி பென் டிரைவைத்தான் துடைத்துவிட்டு, பென் டிரைவிலிருந்தே கிளம்புகிற சிஸ்டம் ரெஸ்க்யூ என்ற லினக்ஸை ஏற்றினேன். டிவிடி டிரைவின் மின் இணைப்பையும் சாட்டா கேபிளையும் உருவி எஸ்எஸ்டிக்குக் கொடுத்தேன். பழைய நாலு முள் பிளக்கை சாட்டாவாக மாற்றுகிற மலிவான வார்ப்பு கனெக்டர்கள் கடையில் கிடைக்கும். அவற்றில் சில உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டு உருகிய படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் தொடுவதில்லை.

அடுத்து, எது பழசு எது புதுசு என்று லினக்ஸில் உறுதி செய்வது. திசை மாறினால் காலி டிஸ்கை எடுத்து மனுக்களின் மேல் எழுதிவிடுவோம். 160, 240 என்று அளவு வேறாக இருந்ததால் சிக்கலில்லை. இருந்தாலும் மாடல் எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்து, இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் என்டர் தட்டினேன். இன்னொன்றும் செய்தேன். டிடிரெஸ்க்யூ எதுவரை போயிருக்கிறோம் என்று ஒரு வரைபட ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். பென் டிரைவில் ஓடுகிற லினக்ஸ் ரேமில் இருப்பதால், அந்த ஃபைலை அங்கேயே விட்டால் கரண்ட் போனதும் மறைந்துவிடும். அதற்கு வேறொரு சின்ன டிரைவைச் செருகி அதில் எழுதச் சொன்னேன்.

கரண்ட் போகவும் செய்தது. 71 சதவீதத்தில். யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது என்று அப்போதுதான் பெரியப்பா சொன்னார். இருட்டில் இரண்டு பேரும் வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம். ஆற்றுப் பக்கமிருந்து காற்று நன்றாக வந்தது. பெரியம்மா கொடுத்துவிட்ட இட்லியைச் சாப்பிட்டோம். "எல்லாம் போயிட்டால?" என்றார் மெதுவாக. "போகாது பெரியப்பா, எங்க விட்டோம்னு எழுதி வச்சிருக்கு" என்றேன். நாற்பது நிமிடத்தில் கரண்ட் வந்தது. அதே கட்டளையை அதே வரைபட ஃபைலோடு கொடுத்ததும் 71-இலிருந்தே தொடர்ந்தது. அந்த ஒரு நொடிக்காகவே இந்த மென்பொருளை எழுதியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

முதல் சுற்று முடிய இரவு பத்தரை. கெட்ட இடங்களோடு மூன்று முறை மறுமுயற்சி செய்யச் சொல்லிவிட்டு நான் அங்கேயே பெஞ்சில் படுத்துக்கொண்டேன். விடியற்காலை பார்த்தபோது மீளாமல் நின்றது 88 செக்டார். ஒன்று 512 பைட், ஆக மொத்தம் 44 கேபி. 160 ஜிபியில் 44 கேபி.

ஆனால் அந்த 44 கேபி யாருடைய மனுவில் விழுந்திருக்கிறது? இதைப் பார்க்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. டிடிரெஸ்க்யூவிலேயே இதற்கு வழி இருக்கிறது. நகலில், மீளாத இடங்களில் மட்டும் நாம் சொல்கிற ஒரு அடையாளச் சொல்லை நிரப்பச் சொல்லலாம். நிரப்பிவிட்டு, எஸ்எஸ்டியிலிருக்கிற ஃபைல்களை எல்லாம் அந்தச் சொல்லுக்காகத் தேடினேன். மூன்று ஃபைல்கள் அகப்பட்டன. ஒன்று விண்டோஸோடு வருகிற வால்பேப்பர் படம். ஒன்று பழைய பிரிண்டர் மென்பொருளின் உதவிக் கோப்பு. மூன்றாவது 2014-இல் அடித்த ஒரு வாரிசுச் சான்று மனு. அதைப் பெரியப்பாவிடம் சொன்னதும், "அது அப்பவே கெடச்சிட்டு, அந்தப் பையன் இப்ப சவுதில இருக்கான்" என்றார். அவர் நினைவிலிருந்து ஒரு செக்டார்கூட கெடவில்லை.

பிறகு பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியை மட்டும் வைத்து கணினியைப் போட்டேன். இதை மறக்கக் கூடாது. நகலெடுத்த இரண்டு டிஸ்குக்கும் ஒரே அடையாளக் குறி இருப்பதால் இரண்டையும் ஒன்றாக வைத்து விண்டோஸைக் கிளப்பினால் குழப்பம் வரும். டிஸ்க் சோதனையை ஒருமுறை ஓட்டவிட்டேன். டிஸ்கில் பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்று சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பார்த்தேன், 1,048,576 பைட், அதாவது சரியாக 1 எம்பி என்று காட்டியது. விண்டோஸ் 7 நிறுவும்போதே இப்படி வட்டமான எல்லையில்தான் அமைக்கும், ஃப்ளாஷுக்கு இதுதான் பொருத்தம். எக்ஸ்பி காலத்து டிஸ்குகளில் 63-ஆவது செக்டாரில் தொடங்கும். அதை அப்படியே எஸ்எஸ்டிக்கு மாற்றினால் ஒரு முறை எழுத வேண்டியதை இரண்டு முறை எழுத வேண்டிவரும், சரிசெய்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். நகலெடுத்து மாற்றியதால் இது எஸ்எஸ்டி என்று விண்டோஸுக்குத் தானாகத் தெரியவில்லை. ஹார்ட் டிஸ்கில் சிதறிக் கிடக்கிற துண்டுகளை ஒன்றுசேர்க்கிற, எஸ்எஸ்டிக்குத் தேவையில்லாத வாராந்தர டிஃப்ராக் அட்டவணை அப்படியே இருந்தது. அதை நிறுத்திவிட்டு, செயல்திறன் மதிப்பீட்டை மறுபடி ஓட்டச் செய்தேன். 160 போக மீதி 80 ஜிபியை எதற்கும் ஒதுக்காமல் வெறுமனே விட்டுவிட்டேன். எழுதுகிற வேலையைப் பரப்ப கன்ட்ரோலருக்கு அது தாராளமான இடம்.

ஸ்டாப்வாட்ச். பவர் பொத்தானிலிருந்து வேர்டில் கர்சர் வரை 58 வினாடி. அதில் 12 வினாடி, விண்டோஸுக்கு முன்னால் வருகிற பயாஸ் திரைக்கே போகிறது. வேர்டு மட்டும் திறக்க 4 வினாடி. ஸ்கேனிலிருந்து வேர்டுக்குத் திரும்ப, அளக்கிற அளவுக்கு நேரம் ஆகவில்லை. ரேம் அதே 2 ஜிபிதான். ரேமில் இடமில்லாமல் டிஸ்குக்குத் தள்ளுகிற துண்டுகள் இப்போது எஸ்எஸ்டியிலிருந்து உடனே திரும்பி வந்துவிடுகின்றன, அதனால் குறை தெரியவில்லை. ஆசைக்காக அந்தப் பென் டிரைவை மறுபடி செருகி ரெடிபூஸ்ட் பக்கத்தைத் திறந்தேன். இந்தக் கணினி போதுமான வேகத்தில் இருக்கிறது, ரெடிபூஸ்டால் கூடுதல் பயன் இருக்காது என்று விண்டோஸே எழுதிக் காட்டியது. பெரியப்பாவைக் கூப்பிட்டு அதை வாசித்துக் காட்டினேன்.

எஸ்எஸ்டியைப் பொருத்த கேபினெட்டில் இரண்டரை அங்குலத்துக்குத் தோதான இடம் கிடையாது. ஒரு தகட்டுச் சட்டம் வாங்கி நாலு திருகு போட்டு முடித்தேன். சுற்றுகிற பாகம் இல்லாததால் ஒட்டு நாடா போட்டாலும் தாங்கும். ஆனால் நம்ம ஊர் வெயிலில் பசை இளகிவிடும்.

எஸ்எஸ்டி கெட்டால் கடக் கடக் என்று முன்கூட்டிச் சொல்லாது. காலையில் போட்டால் டிஸ்கே இல்லை என்று நிற்கும். அதனால் பென் டிரைவுக்கு மூன்றாவது வேலை கொடுத்தேன். சனிக்கிழமை கடை அடைப்பதற்கு முன் மனு ஃபோல்டர் முழுவதையும் 7-ஜிப்பில் கடவுச்சொல் போட்டுச் சுருக்கி அதில் எழுதுவது. கடவுச்சொல் கட்டாயம். அந்த மனுக்களில் ஆதார் எண் இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, புருஷன் அடித்ததை வெளியில் சொல்லாதவர்கள் பெரியப்பாவிடம் மட்டும் சொல்லி எழுதியவை இருக்கின்றன. டிரைவ் பஸ்ஸில் விழுந்து யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வது? இரண்டாவது பிரதி பெருமாள்புரத்தில் என் வீட்டில் இருக்கிறது. கொக்கிரகுளத்துக்கு மறுபடி ஆறு வந்தாலும் அது நனையாது.

பழைய டிஸ்கில் தேதியை எழுதி, காகிதத்தில் சுற்றி பீரோவில் வைத்தாயிற்று. இன்னும் ஒரு வேலை பாக்கி. ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் கணினியின் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது. மனுவில் தேதி தானாக விழுகிற மாதிரி பெரியப்பா அமைத்து வைத்திருப்பதால் இது சின்ன விஷயம் இல்லை. கணினியின் கடிகாரத்தை ஓட வைக்கிற, போர்டிலிருக்கிற சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமை அதையும், யுபிஎஸ்ஸுக்கு ஒரு பேட்டரியையும் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.